பிழைப்பட்டையா, வரம்புக்கோடா?

அன்புடையீர், வணக்கம்.

வரைபடத்தில் சராசரிக்கு மேலும் கீழும் நீளும் கோடான error bar என்பதற்கு இவ்விழையில் முன்மொழியப்பட்ட 'பிழைப்பட்டை' என்னும் சொல்லை ஏற்பதில் எனக்கு இரண்டு தயக்கங்கள் உள்ளன. முதலாவது சிறியது. பட்டை விளக்கப்படத்தில் பட்டை ஏற்கெனவே நிற்கிறது; அதன் உச்சியில், இரு முனையிலும் குறுக்குக்கோடு இட்டு வரையப்படும் மெல்லிய கோட்டையும் பட்டை என்றால், 'பட்டையின் மேலுள்ள பட்டை' என்று எழுத நேரும்.

இரண்டாவது, 'பிழை' என்னும் சொல்லைப் பற்றியது. புள்ளியியலாளர் ஃபிஷர் 1936-இல் பயன்படுத்திய ஐரிஸ் மலர்த் தரவில், செட்டோசா இனத்தின் 50 மலர்களுக்குப் புல்லி இதழின் சராசரி நீளம் 5.006 செ.மீ.; மிகக் குட்டையானது 4.3, மிக நீண்டது 5.8; மலர்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியுள்ளன என்பதைச் சொல்லும் திட்ட விலக்கம் (standard deviation) ஏறத்தாழ 0.35. இதழ் 4.3 செ.மீ. மட்டுமே நீண்ட அந்த மலர் பிழை எதுவும் செய்யவில்லை. அது அப்படித்தான் பூத்தது. ஒரே விண்மீனின் இருப்பிடத்தைப் பலமுறை அளந்த வானியலாளருக்கு உண்மை மதிப்பு ஒன்றே, மற்றவை அதிலிருந்து வழுவியவை என்று கொள்ள இடமிருந்தது. உயிரியலில், வேறுபாடுதான் உண்மை.

அந்த 0.35-ஐ 50-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரும் 0.05-தான் சராசரியின் திட்டப் பிழை (standard error). இது மலர்களைப் பற்றிய எண் அன்று. வேறு 50 மலர்களைப் பறித்திருந்தால் நம் சராசரி எவ்வளவு தள்ளிப் போயிருக்கக்கூடும் என்பதைச் சொல்வது. 200 மலர்களை அளந்தால் அது ஏறத்தாழப் பாதியாகும். திட்ட விலக்கமோ பெரிதாக மாறாது. தவறக்கூடியது நம் மதிப்பீடு என்பதால் இங்கே 'பிழை' பொருந்துகிறது. இலங்கை வழக்கான 'நியம வழு' இன்னும் நயமானது, 'திட்டமிட்டுச் செய்த பிழையா?' என்னும் கேலிக்கும் இடம் தராது. ஆயினும் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வேரூன்றிய சொல்லைப் பிடுங்க நான் துணியமாட்டேன்.

சிக்கல் அந்தக் கோட்டில்தான். திட்ட விலக்கத்தைக் குறித்தால் அது 4.65 முதல் 5.36 வரையும், திட்டப் பிழையைக் குறித்தால் 4.96 முதல் 5.06 வரையும், உண்மைச் சராசரி இருக்கக்கூடிய எல்லையை மதிப்பிடும் 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளியைக் (confidence interval) குறித்தால் 4.91 முதல் 5.11 வரையும் நீளும். மூன்றுக்கும் உருவம் ஒன்றே. எனவே பொதுப்பெயரில் பிழையைச் சேர்க்காமல் 'வரம்புக்கோடு' என்று வைத்துக்கொண்டு, எதன் வரம்பு என்பதை ஒவ்வொரு முறையும் முன்னே சேர்க்கலாம் என்பது என் முன்மொழிவு: விலக்க வரம்புக்கோடு, பிழை வரம்புக்கோடு, நம்பிக்கை வரம்புக்கோடு.

அடைமொழி எதற்கு என்று கேட்கலாம். இரு சராசரிகளின் பிழை வரம்புக்கோடுகள் சம நீளமாக, முனையோடு முனை தொட்டு நின்றால், வேறுபாடு திட்டப் பிழையைப் போல் இரு மடங்கு. ஆனால் வேறுபாட்டின் திட்டப் பிழையே 1.41 மடங்கு என்பதால் விகிதம் 1.41 மட்டுமே, வேறுபாடு தற்செயலானது அன்று என்று கொள்ள வழக்கமாகக் கேட்கப்படும் 1.96-ஐ எட்டாது. நம்பிக்கை வரம்புக்கோடுகளோ சற்று ஒன்றன்மேல் ஒன்று படிந்தாலும் வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருளுடையதாக (significant) இருக்கலாம். எந்தக் கோடு என்று தெரியாமல் படத்தைப் பார்த்து முடிவு சொல்ல இயலாது.

'வரம்பு' என்றால் தாண்டக்கூடாதது என்று வாசகர் கொள்வாரே என்னும் மறுப்பு வரக்கூடும். வயல் வரம்பைத் தாண்டித்தானே அடுத்த வயலுக்குப் போகிறோம். விலக்க வரம்புக்கு வெளியேயும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மலர்கள் உண்டு.

படக்குறிப்பு இப்படி அமையலாம்: 'பட்டை: சராசரி; பிழை வரம்புக்கோடு: ஒரு திட்டப் பிழை அளவு மேலும் கீழும்; கூறின் (sample) அளவு: 50 மலர்கள்.'

அன்புடன்.