மீட்கப்பட்டவரிடம் மறுபடியும் கதை கேட்கலாமா?

கேள்வி:
ஆள்கடத்தலில் சிக்கி மீண்ட பெண்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். 3 வருடமாக ஒரு சிறு மீட்புக் குழுவிலும் வேலை செய்கிறேன். போன வாரம் ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். ஒரு அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு, "போலீஸ், கோர்ட், கவுன்சிலிங், இப்ப நீ. நாலாவது தடவை சொல்லப் போறேன்" என்றார். ரெக்கார்டரை அணைத்துவிட்டேன். அப்புறம் பேட்டி எடுக்கவே மனம் வரவில்லை. ஆய்வையும் விட முடியாது. இரண்டையும் எப்படிச் சேர்த்துச் செய்வது?

பதில் 1:
அணைத்தது சரிதான் தம்பி. தங்க இடமும் வக்கீலும் உங்கள் குழு வழியாகக் கிடைக்கும்போது, உங்கள் முகத்தைப் பார்த்து அவர் எப்படி 'மாட்டேன்' என்பார்? சம்மதம் கேட்பது குழுவில் இல்லாத ஆளாக இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் 2003-இல் தந்த நேர்காணல் வழிகாட்டுதலில் முதல் விதியே தீங்கு செய்யாதே என்பதுதான்.

களத்தில் இருக்கும் எங்களுக்கு உங்களிடம் வேண்டியது கணக்கு. நாங்கள் மீட்ட ஒரு பெண் துணிப்பைக்குள் ஒரு நோட்டு வைத்திருந்தார். இடது பக்கம் முன்பணம், பயணச் செலவு, காய்ச்சலில் படுத்த நாளுக்கு அபராதம். வலது பக்கம் அந்தக் கடனில் கழித்த கூலி. நாங்கள் பார்த்துப் பார்த்து அழுதோம். ஓர் ஆய்வு மாணவிதான் உட்கார்ந்து வரி வரியாகக் கூட்டினார். மாதம் முழுக்க உழைத்தும் கடன் ஏறியிருந்தது. ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கிய சம்மதம் செல்லாது என்று ஆள்கடத்தலுக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தமான 2000-ஆம் ஆண்டின் பலேர்மோ நெறிமுறை சொல்கிறது. ஆனாலும் 'அவளே விரும்பித்தானே வந்தாள்' என்று கேட்பவர்கள் ஓயவில்லை. அவர்கள் முன்னால் அந்த நோட்டைத்தான் விரித்து வைத்தோம்.

பதில் 2:
நான் புள்ளியியல் பக்கம். காவல்துறை, விடுதி, தொண்டு அமைப்பு எனப் பல பட்டியல்களில் ஒரே ஆள் எத்தனை இடத்தில் வருகிறார் என்று பார்த்து, எதிலுமே வராதவர்களைக் கணிக்கலாம். பிரிட்டனில் நவீன அடிமைத்தனத்தில் சிக்கியவர்கள் 2013-க்கு 10,000 முதல் 13,000 பேர் என்று மதிப்பிட்டது இப்படித்தான். யாரிடமும் புதிதாகக் கதை கேட்க வேண்டாம். பெயர்களைக் குறியீடாக்கிய பிறகே பட்டியலைக் கையில் வாங்குங்கள்.

கேட்டவர்:
நன்றி அக்கா, நண்பரே. படிவத்தில் கையெழுத்துப் போட்ட அந்த அக்காவிடமே போய், எதை ஆராய்ந்தால் உங்களுக்கு உபயோகம் என்று கேட்டேன். "எனக்கு வரவேண்டிய சம்பளப் பாக்கி எங்க நிக்குதுன்னு கண்டுபிடி" என்றார். தலைப்பை மாற்ற வழிகாட்டியிடம் கேட்டிருக்கிறேன். அந்த நோட்டைக் கூட்டியபோது என்னென்ன கட்டம் போட்டார்கள் என்று சொல்ல முடியுமா?