பேசிஸ் ரிஸ்க்: ‘அடிப்படை இடர்’ வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம்.

சிறு விவசாயிகளின் இடர் மதிப்பீட்டுக்கான சொற்பட்டியலில் ‘பேசிஸ் ரிஸ்க்’ (basis risk: கிடைக்கும் காப்பீட்டு ஈடு உண்மையான நட்டத்தோடு ஒத்துப்போகாத இடர்) என்பதற்கு ‘அடிப்படை இடர்’ என்று போட்டிருக்கிறது. படிப்பவர் ‘இடர்களிலேயே அடிப்படையானது’ என்றுதான் எடுத்துக்கொள்வார். இந்த பேசிஸ் முன்பேரச் சந்தையிலிருந்து (பின்னொரு நாளில் கைமாறும் பொருளுக்கு இன்றே விலை பேசும் சந்தை) வந்த சொல். உடனடி விலைக்கும் முன்பேர விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு அங்கே அதுதான் பெயர்.

மழைக் குறியீட்டுக் காப்பீட்டில் யாரும் வயலுக்கு வந்து சேதத்தைப் பார்ப்பதில்லை. மழைமானி சொல்வதுதான் கணக்கு. மழை 100 மி.மீ.க்குக் கீழே போனால் ஈடு என்று ஒப்பந்தம் என வைத்துக்கொள்வோம். மானியில் 104 பதிவாகிறது. சில கிலோமீட்டர் தள்ளியுள்ள வயலில் 60தான். பயிர் போச்சு, ஈடும் இல்லை. கட்டிய பிரீமியமும் போனதால், காப்பீடே எடுக்காத பக்கத்து வயல்காரரைவிட இவர் நிலை மோசம். பயிர் செழித்திருக்கும்போதே பணம் வருவதும் உண்டு. அதைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை!

என் பரிந்துரை: பிசகிடர் (பிசகு + இடர்). இதற்கு வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

> ‘பொருந்தா இடர்’ எளிதாக இருக்கிறதே?

அப்படிச் சொன்னால் பொருந்தாதது இடர் என்றாகிவிடும். பொருந்தாதவை மானியும் வயலும். ‘பொருந்தாமை இடர்’ சரிதான், கொஞ்சம் நீளம்.

> இந்த இடரை அளப்பதே ஒட்டுறவுக் கெழுவால்தானே (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் எண்)? ‘ஒட்டுறவின்மை இடர்’ என்றால் என்ன?

இதில்தான் எனக்கு உடன்பாடே இல்லை. கெழு எல்லா ஆண்டுகளையும் சேர்த்துப் பார்க்கிறது. மற்ற ஆண்டுகளில் மழையும் விளைச்சலும் சேர்ந்தே ஏறி இறங்கினால் போதும், கெழு உயர்ந்து நிற்கும். கடும் வறட்சி ஆண்டில் மட்டும் குறியீட்டெண் கைவிட்டது அதில் தெரியாமலே போகலாம். காப்பீடு தேவைப்படுவதோ அந்த ஆண்டில். ஆகவே பெரிய நட்டம் நேர்ந்த ஆண்டுகளை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றில் எத்தனையில் ஈடு வராமல் போயிருக்கும் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். அளக்கப் பல வழி இருக்க, ஒன்றை மட்டும் பெயரில் பூட்டிவைப்பானேன்?

> ‘பிசகு’ என்றால் யாரோ தப்புச் செய்தது போல ஒலிக்கிறது.

நியாயமான சந்தேகம். மானி சரியாகத்தான் அளந்தது. ஆனால் ‘நரம்பு பிசகிவிட்டது’ என்று சொல்லும்போது யாரையும் குற்றம் சொல்வதில்லை, இடம் விலகியதைத்தான் சொல்கிறோம். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “மானி தொலைவில் இருந்தால் பிசகிடர் கூடும்.” “பருவ மொத்த மழைக்குப் பதிலாகப் பூக்கும் கட்டத்து மழையை எடுத்தால் பிசகிடர் குறையலாம்.” நாக்கில் தடுக்கவில்லை.

அப்புறம், பயிர் போயும் ஈடு வராதது, பயிர் செழித்தும் ஈடு வருவது என்ற இரண்டு பக்கங்களுக்கும் தனிப்பெயர் வேண்டும். ‘ஈடில்லாப் பிசகு’, ‘மிகையீட்டுப் பிசகு’ என்று எழுதிவைத்திருக்கிறேன். முதலாவது ‘இணையில்லாத’ என்றும் பொருள்படுகிறது. வேறு தோன்றினால் சொல்லுங்கள்.