சி மேஜரில் மூன்றாவது கம்பி மட்டும் பேச மாட்டேன் என்கிறது

வீரவநல்லூர்க்காரி:
மகன் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனதிலிருந்து அவனுடைய கிட்டார் சுவரில் சும்மா தொங்குகிறது. சின்ன வயதில் சரளி வரிசை, அலங்காரம் வரைக்கும் பாட்டு படித்தவள் நான். அந்தத் தைரியத்தில் எடுத்து, சி மேஜர் கார்ட் (சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடி) பழக உட்கார்ந்தேன். மெல்லிய கம்பியை முதலாவதாக எண்ணினால், மோதிர விரல் ஐந்தாவது கம்பியில் 3-வது ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு), நடு விரல் நான்காவதில் 2-வது, ஆள்காட்டி விரல் இரண்டாவதில் முதல் ஃப்ரெட். படத்தில் இருக்கிறபடிதான் வைக்கிறேன். ட்யூனர் ஆப் வைத்துச் சுருதியும் சேர்த்தாயிற்று. ஆனால் மூன்றாவது கம்பி ‘டொக்’ என்கிறது. அதில் விரலே வைக்கக் கூடாது என்றுதானே போட்டிருக்கிறது? அழுத்த அழுத்த விரல் எரிவதுதான் மிச்சம். இன்னொன்று, நான் பாடுவது ஐந்தரைக் கட்டைச் சுருதியில். எனக்கு இந்த சி மேஜர் உதவுமா?

வள்ளியூர் அண்ணாச்சி:
முதலில் கிட்டாரைப் பாருங்கள் தங்கச்சி. ரொம்ப நாள் சும்மா கிடந்தால் கழுத்து வளைந்து கம்பி உயர்ந்துவிடும். 12-வது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் கடையில் கொடுத்து இறக்கச் சொல்லுங்கள். கம்பி துருப்பிடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். தடிமனான 012 கம்பி செட்டை விட மெல்லிய 010 செட் விரலுக்கு இதமாக இருக்கும்.

பாளை ஆறுகம்பி:
அண்ணாச்சி சொன்னதையும் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா. ஆனால் விரல் வைக்காத கம்பி ‘டொக்’ என்றால் பெரும்பாலும் பக்கத்து விரல்தான் காரணம். நான்காவது கம்பியில் இருக்கும் நடு விரல் சாய்ந்து, அதன் சதை மூன்றாவதைத் தொடுகிறது. அழுத்தினால் சதை இன்னும் பரவும். விரலை மடக்கி, நுனி மட்டும் கம்பியில் குத்தி நிற்கும்படி வையுங்கள். இடது கை நகத்தை ஒட்ட வெட்டாமல் இது நடக்காது. கட்டை விரலைக் கழுத்துக்குப் பின்னால், நடு விரலுக்கு எதிரே வைத்தால் மற்ற விரல்கள் வளைய இடம் கிடைக்கும். ஃப்ரெட் கோட்டை ஒட்டி, அதற்குச் சற்று முன்னால் அழுத்தினால் பாதி பலமே போதும்.

நீங்கள் பாட்டு படித்தவர் என்பதால் இதைச் சொல்கிறேன். சி-யை ச என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது கம்பி ச, நான்காவது க, மூன்றாவது ப, இரண்டாவது மேல் ச, முதல் கம்பி மேல் க. ச, அந்தர காந்தாரம் என்ற க, ப. மேஜர் கார்ட் என்றால் இந்த மூன்று ஸ்வரம்தான். சரளி வரிசை பாடிய மாயாமாளவகௌளையில் வருவதும் இதே காந்தாரம்தானே! இந்தப் பிடியில் ப மூன்றாவது கம்பியில் மட்டுமே இருக்கிறது. அது போனால் கார்டில் பஞ்சமமே கிடையாது. ஆறாவது கம்பியை மீட்ட வேண்டாம். அது கீழ் காந்தாரம், அடியில் ச நிற்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும்.

இப்போதைக்குப் பிக் (கம்பியை மீட்டும் சில்லு) வேண்டாம். ஐந்தாவதிலிருந்து ஒவ்வொரு கம்பியாகக் கட்டை விரலால் மீட்டி, கூடவே ‘ச க ப ச க’ என்று பாடுங்கள். எந்தக் கம்பி உங்கள் குரலோடு சேரவில்லையோ அதைத் தொடும் விரலை மட்டும் திருத்துங்கள். ஐந்தும் பேசியதும் கையை முழுசாக எடுத்து மடியில் வைத்துவிட்டு மறுபடி பிடியுங்கள். நான் எங்கள் சபையில் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கீர்த்தனைகளுக்கு வாசிக்கிறவன். புதிதாக வரும் பிள்ளைகள் எல்லாக் கம்பியையும் ஒன்றாக வருடும் ஸ்ட்ரம்மிங்குக்குத்தான் அவசரப்படுகிறார்கள். கார்டுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்காமலே போய்விடுகிறார்களே என்று எனக்கு வருத்தம்.

ஐந்தரைக் கட்டை என்றால் ஜி ஷார்ப். ஜி மேஜர் பிடியைக் கற்றுக்கொண்டு முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போட்டால் உங்கள் சுருதி வந்துவிடும். அந்தப் பிடியில் ப நான்காவது கம்பியில். சி மேஜரும் வீணாகாது. ஜி-யை ச என்று வைத்தால் சி உங்கள் மத்யமம், டி பஞ்சமம். சங்கராபரண ராகத்தில் அமைந்த எளிய மெட்டு பலவற்றுக்கு இந்த மூன்று கார்டே போதும்.

வீரவநல்லூர்க்காரி:
தம்பி, நகம் வெட்டி விரலை மடக்கியதும் ப கணீரென்று வந்துவிட்டது! அது இல்லாமல்தான் இத்தனை நாளும் காதுக்கு என்னவோ குறைந்தது. இப்போது முதல் கம்பி மங்கலாகக் கேட்கிறது.

பாளை ஆறுகம்பி:
நல்லது அக்கா. முதல் கம்பியை ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி தொட்டுக்கொண்டிருக்கும். உள்ளங்கை கழுத்தின் கீழ் விளிம்பில் ஒட்டாதபடி கொஞ்சம் இடைவெளி விடுங்கள். விரல் எரிய ஆரம்பித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். நுனி காய்த்துப்போகும்வரை கொஞ்சம் கொஞ்சமாக வாசித்தால் போதும்.