ஏற்காடு குப்பை: மலையிலேயே உரமாக்குவதா, சேலத்துக்கு இறக்குவதா?

அடிவாரம் என்ற பெயரில் ஒருவர் கேட்டது:
ஏற்காட்டுக்கு ஒரு திட்ட வரைவு தயாரிக்கணும். கணக்குக்காகத் தினம் 5 டன் என்று வைத்திருக்கேன். மக்கும் குப்பை 55, மக்காதது 35, மீதி 10 சதவீதம். மொத்தத்தையும் லாரியில் ஏற்றி 20 கொண்டை ஊசி வளைவு இறக்கிவிட்டால் மலையில் முதலீடே வேண்டாம் என்கிறார்கள். சரிதானா? பயோகேஸ் போடலாமா?

உரக்குழி:
முதலீடு மிச்சம், டீசல் தண்டம். ஈரக் குப்பையில் பாதிக்கு மேல் தண்ணீர். உலர் குப்பையில் பெரும்பகுதி காற்று. இந்த இரண்டையும் மலை இறக்கக் காசு கொடுக்காமல் இருப்பதுதான் திட்டமே.

உங்கள் 2.75 டன் மக்கும் குப்பை உரமானால் அரை டன்தான் மிஞ்சும். மக்காத 1.75 டன் அப்படியே கொட்டினால் 20 கன மீட்டருக்கு மேல் அடைக்கும். பேலிங் மெஷினில் (குப்பையை இறுக்கி ‘பேல்’ என்ற கட்டாக்கும் இயந்திரம்) அழுத்தினால் 5 கன மீட்டர். மூணு நடை ஒரு நடையாகும்.

கொட்டகை அளவு: ஈரக் குப்பை 5.5, அதோடு கலக்கும் சருகு 2.5, ஆகத் தினம் 8 கன மீட்டர். மக்க ஆகும் 45 நாளில் சுருங்குவதைக் கழித்தால் எப்போதும் 250 கன மீட்டர் கிடக்கும். அடிப்பக்க அகலம் 2.5 மீட்டர், உயரம் 1.5 மீட்டர், முக்கோண வடிவக் குவியல் என்றால் நீளம் 134 மீட்டர். புரட்ட இடமும் சேர்த்து 700 சதுர மீட்டர், கூரையோடு. கூரையை மட்டும் வெட்டிடாதீங்க. ஐப்பசி மழை குவியலில் இறங்கினால் காற்று அடைபட்டு நாறும், கசிவுநீர் சரிவில் ஓடும். தரைக்கு சிமென்ட், சுற்றிலும் வாய்க்கால், கடைசியில் தொட்டி. அந்த நீரையே புதுக் குவியலுக்குத் தெளிக்கலாம்.

மார்கழிக் குளிரில் ஒரு மீட்டருக்குக் குறைவான குவியல் சூடேறாது. உள்ளே 55 டிகிரி மூணு நாளாவது நிற்கணும், இல்லாவிட்டால் கிருமியும் களை விதையும் சாகாது. சில்வர் ஓக் சருகு முழுசாக மக்க வெகுநாள் ஆகும், அரைத்துப் போடுங்க. குரங்குக்குக் கம்பிவலை கட்டாயம்.

சட்டத்தார்:
2016 திடக்கழிவு விதிகளில் மலைப்பகுதிக்குத் தனிப் பிரிவே இருந்தது; 2026 ஏப்ரலில் அதற்குப் பதில் புது விதிகள் வந்துவிட்டன. பழைய விதி சொன்னது இது: மலையில் நிலநிரப்பு (குப்பையைப் புதைக்கும் இடம்) கட்டுவதைத் தவிர்க்கணும். பதப்படுத்தி மிஞ்சியதை மூடிய இடத்தில் சேர்த்து, 25 கி.மீ.க்குள் சமவெளியில் உள்ள நிலநிரப்புக்கு அனுப்பணும். கிலோவுக்கு 1500 கிலோ கலோரியோ அதற்கு மேலோ எரிசக்தி உள்ள, மறுசுழற்சிக்கு ஆகாத கழிவை அங்கேயும் புதைக்கக் கூடாது. அது சிமென்ட் ஆலை உலைக்கு.

ஒன்று சொல்றேன், உரம் விற்ற காசில் செலவு தேறும் என்று மட்டும் வரைவில் எழுதாதீங்க. நகரக் குப்பையில் செய்த உரத்தில் 90 சதவீதமாவது 4 மி.மீ. சல்லடையில் இறங்கணும். கண்ணாடிச் சில்லு கலந்த உரத்தைக் காபி எஸ்டேட்காரர் இனாமாகக் கொடுத்தாலும் தொடமாட்டார். பிரிப்பது வீட்டு வாசலிலேயே நடக்கணும்.

அடிவாரம்:
கோடை விழா சமயத்தில் குப்பை எகிறுமே சார், கொட்டகையை அதற்குத் தக்கபடி பெரிசாக்கணுமா?

உரக்குழி:
வேண்டாம். கொஞ்ச நாளுக்காகக் கட்டினால் வருஷம் முழுக்கக் காலியாகக் கிடக்கும். ஹோட்டல், ரிசார்ட் சமையல் கழிவை அவரவர் வளாகத்திலேயே உரமாக்கச் சொல்லுங்க. பொதுக் கொட்டகைக்கு வந்தால் எடைபோட்டுக் கட்டணம். கூட்டத்தால் ஏறும் சுமையில் கணிசமான பங்கு அங்கேயே குறையும்.

பயோகேஸ்: நுண்ணுயிருக்கு 35 டிகிரி பிடிக்கும். 20-க்குக் கீழே போனால் வாயு நன்றாகவே குறையும். கலனைச் சூடாக்கச் செலவழிப்பதைவிட, சேலத்திலேயே மார்க்கெட் கழிவுக்குப் போடுவது புத்திசாலித்தனம்.

சட்டத்தார்:
பேலுக்குத் தனி லாரி வாங்கணும் என்றில்லை. மலைக்குச் சரக்கு ஏற்றி வந்து காலியாக இறங்கும் லாரிகளிடம் வாடகை பேசிப் பாருங்க. தார்ப்பாய் கட்டாமல் மட்டும் அனுப்பாதீங்க.