கைப்பம்பின் பிளாஞ்சு போல்ட்கள் இறுகிவிட்டன: குடிநீர் கெடாமல் கழற்ற எந்த எண்ணெய் ஏற்றது?

கேள்வி (பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், நாகப்பட்டினம் மாவட்டம்)

அனைவருக்கும் வணக்கம். கடற்கரையை ஒட்டிய எங்கள் ஊர்ப் பள்ளி வளாகத்தில் ஓர் இந்தியா மார்க் 2 கைப்பம்பு உள்ளது. சில வாரங்களாகத் தண்ணீர் ஏறுவதற்கு நெடுநேரம் அடிக்க வேண்டியிருப்பதால், ஊராட்சியின் ஒப்புதலுடன் அதைக் கழற்றி உள்ளே இருக்கும் வாஷரை மாற்ற முடிவு செய்தோம். தலைப்பகுதியையும் அதன் கீழுள்ள தண்ணீர்த் தொட்டியையும் பிளாஞ்சு எனப்படும் விளிம்புத் தகடுகளில் இணைக்கும் நான்கு போல்ட்களில் இரண்டு கழன்றுவிட்டன. மற்ற இரண்டும் அசையவில்லை. அவற்றின் துத்தநாகப் பூச்சு முற்றிலும் போய்ப் பழுப்புத் துரு ஏறியிருக்கிறது. ஒரு நட்டின் முனைகள் சற்றே மழுங்கவும் தொடங்கியுள்ளன.

கையில் ஒரு டபிள்யூடி-40 (துருவை இளக்கத் தெளிக்கும் எண்ணெய்) குப்பி இருக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்கிறார் ஒருவர். டீசலே போதும் என்கிறார் இன்னொருவர். அசிட்டோனையும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயையும் சரிபாதியாகக் கலந்தால் அதற்கு நிகரே இல்லை என்று இணையத்தில் எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகள் குடிக்கும் தண்ணீர் என்பதால் எதையும் ஊற்றத் தயக்கமாக இருக்கிறது. எது நல்லது, எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

பதில் 1 (ஓய்வுபெற்ற கைப்பம்பு ஃபிட்டர்)

ஐயா, எந்த எண்ணெய் என்பதற்கு முன்னால், அதை எங்கே இடப்போகிறீர்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. இந்தப் பம்பில் போல்ட்டின் தலை மேலேயும் நட்டு பிளாஞ்சுக்குக் கீழேயும் இருப்பதால், பெரும்பாலானோர் குனிந்து பார்க்காமல் மேலிருந்து தலையின் மீது எண்ணெயை ஊற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். அந்த எண்ணெய் தலையைச் சுற்றி வழிந்து இரண்டு பிளாஞ்சுகளுக்கும் இடையே புகுந்து தொட்டிக்குள் இறங்குமே தவிர, துரு பிடித்துவைத்திருக்கும் மரைக்குப் போய்ச் சேராது. குடிநீரில் கலக்கக் கூடாது என்று நீங்கள் அஞ்சுவது எதுவோ, அதுதான் அங்கே நடக்கும்.

ஆகவே கீழிருந்து தொடங்குங்கள். நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையில் கம்பி பிரஷ் போட்டுத் துருவை நன்றாகச் சுரண்டி எடுங்கள். அந்தத் துருவை எடுக்காமல் நட்டைத் திருப்பினால், அது வெளியே வர வர இன்னும் இறுகித்தான் போகும். பிறகு தெளிப்பானின் மெல்லிய குழலை நட்டும் மரையும் சந்திக்கும் வட்டத்தில் வைத்து, சொட்டாத அளவுக்கு மட்டும் எண்ணெய் இடுங்கள். கீழே ஒரு பழந்துணியைக் கட்டிவிட்டால் வழிவதை அது பிடித்துக்கொள்ளும், இடத்தையும் ஈரமாகவே வைத்திருக்கும்.

எண்ணெய் இட்ட பிறகு தட்ட வேண்டும். நட்டின் ஒரு பக்கத்தில் கனமான சுத்தியலை அணைத்துப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தில் சிறிய சுத்தியலால் தட்டி, ஒவ்வொரு பக்கமாகச் சுற்றி வாருங்கள். அந்த அதிர்வில் துருவின் பிடி நுண்ணிய விரிசல்களாக உடைந்து, எண்ணெய்க்கு வழி கிடைக்கும். ஓர் இரவு விட்டுக் காலையில் மீண்டும் எண்ணெய், மீண்டும் தட்டு. கழற்றும்போது முதலில் இறுக்கும் திசையில் ஒரு துளி அசைத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகே அவிழ்க்கும் திசைக்குத் திரும்புங்கள். அசைவு கிடைத்தவுடன் ஒரே மூச்சில் சுழற்றாமல் முன்னும் பின்னுமாக ஆட்டி, இடையிடையே எண்ணெய் விட்டுக் கொண்டுவாருங்கள். இவை 12 மி.மீ. போல்ட்கள் என்பதால் 19 மி.மீ. ஸ்பேனர் பொருந்தும். முனை மழுங்கிய நட்டுக்கு ஆறுமுனை சாக்கெட் தவிர வேறெதையும் பயன்படுத்தாதீர்கள். அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் இந்த இடத்துக்கு எதிரி.

பதில் 2 (வேதியியல் ஆசிரியர்)

ஃபிட்டர் ஐயா சொன்னதை ஒட்டி, எண்ணெய்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகுகிறது. மரைக்குள் இருந்த இடைவெளியை அந்தத் துரு அடைத்து அழுத்துவதால்தான் நட்டு இறுகுகிறது. கடையில் விற்கும் ஊடுருவு எண்ணெய்கள் இந்தத் துருவைக் கரைப்பதில்லை. பாகுநிலையும் பரப்பு இழுவிசையும் குறைவாக இருப்பதால் நுண்புழை நுழைவின் மூலம் மெல்லிய இடுக்குகளில் ஏறி, உராய்வைக் குறைப்பதே அவற்றின் வேலை. நட்டு கீழ்ப்பக்கம் இருந்தாலும் எண்ணெய் மேல்நோக்கி ஏறுவதற்கு இதுவே காரணம். தேங்காய் எண்ணெய், என்ஜின் எண்ணெய் போன்றவை கெட்டியானவை என்பதால் இந்த வேலைக்கு உதவுவதில்லை.

டபிள்யூடி-40 அமெரிக்காவின் சான் டியேகோவில் 1953-இல் உருவானது. நீரை அகற்றித் துருவைத் தடுப்பதற்கான கலவையின் நாற்பதாவது முயற்சி என்பதே அந்தப் பெயரின் பொருள். அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகட்டைக் காக்கவே அது முதலில் பயன்பட்டது. இலேசாகத் துருப்பிடித்த இடத்தில் அது போதும். ஆனால், இறுகிய போல்ட்டுக்கென்று அதே நிறுவனமே தனியாக ஓர் ஊடுருவு எண்ணெயை விற்கிறது என்பதிலிருந்து, பழைய குப்பியின் எல்லை எதுவென்று விளங்கும்.

அசிட்டோன் கலவை நன்றாக ஊடுருவும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று நிலையாகக் கலப்பதில்லை. ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். அசிட்டோனின் தீப்பற்று வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே, ஏறத்தாழ மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் என்பதால், பள்ளி வளாகத்தில் அதைக் கையாள்வதை நான் ஏற்க மாட்டேன். மண்ணெண்ணெயும் டீசலும் மலிவாக ஊடுருவும் என்பதில் ஐயமில்லை; வயல் என்ஜினாக இருந்தால் அவற்றையே சொல்லியிருப்பேன். குடிநீர்க் கிணற்றில் அப்படியில்லை; மிகச் சிறிதளவு கலந்தாலும் வாடையும் சுவையும் நாட்கணக்கில் போகாது.

உணவுத் தொழிற்சாலை இயந்திரங்களுக்கென்று என்எஸ்எஃப் என்ற அமெரிக்கச் சான்றளிப்பு அமைப்பின் எச்1 வகுப்பில் பதிவு செய்யப்பட்ட ஊடுருவு எண்ணெய்கள் உண்டு. உணவில் தற்செயலாகச் சிறிது பட்டுவிட்டாலும் ஏற்கத்தக்கவை என்பதே அந்த வகுப்பின் பொருள். தாராளமாக ஊற்றலாம் என்பதன்று. தொழிற்கருவி விற்கும் பெரிய கடைகளில் அதைக் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால், கையிலுள்ள குப்பியையே பதில் 1-இல் சொன்னபடி கீழிருந்து அளவோடு பயன்படுத்தலாம்.

பதில் 3 (வெல்டிங் பட்டறை நடத்துபவர்)

இருவரும் சொல்வது சரி. ஆனாலும் இவ்வளவு பாடுபடுவதற்கு அந்தப் போல்ட் தகுதியானதா என்பதை யோசிக்க வேண்டும். அலுமினிய என்ஜின் தலையில் முறிந்து நிற்கும் ஸ்டட்டாக இருந்தால் பொறுமைக்குப் பொருள் உண்டு. இது இருபுறமும் திறந்திருக்கும், எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும் சாதாரண போல்ட். 1970-களில் யூனிசெஃப் உதவியுடன் உருவாகி, கோவை வட்டாரத்தில் சோதித்துப் பார்க்கப்பட்ட இந்தப் பம்பின் சிறப்பே, அதன் பாகங்கள் எங்கும் ஒரே அளவில் கிடைப்பதுதான். முனை மழுங்கிய நட்டை நட் ஸ்பிளிட்டரால் பிளந்துவிடுங்கள். இல்லையென்றால் ஹாக்சா பிளேடால் நட்டின் ஒரு பக்கத்தைப் போல்ட்டின் நீளத்துக்கு இணையாக அறுத்து, வெட்டிய இடத்தில் உளி வைத்து ஓர் அடி. கிரைண்டர் வைத்தால் வேகமாக முடியும். ஆனால் எண்ணெயை முழுவதும் துடைத்த பிறகே வைக்க வேண்டும்.

வெப்பத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. மற்ற இடங்களில் எண்ணெயைவிட வெப்பத்தையே நான் நம்புவேன்: நட்டை மட்டும் 300 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால், 12 மி.மீ. துளை ஏறத்தாழ 0.04 மி.மீ. விரியும், துருவின் பிடி உடைய அதுவே போதும். ஆனால் இங்கே பிளாஞ்சு முழுவதும் துத்தநாகப் பூச்சு. அதைச் சுட்டால் எழும் வெண்புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே காய்ச்சல் வரலாம். பூச்சு போன இடத்தில் அடுத்த மழைக்குள் துருவும் ஏறிவிடும்.

பதில் 4 (ஃபிட்டர்)

அறுப்பதில் எனக்கும் மறுப்பில்லை. மழுங்காத நட்டை மட்டும் முதலில் எண்ணெயால் முயலுங்கள். இன்னொன்று: இப்போது பேசுவது மேல் பிளாஞ்சைப் பற்றி மட்டுமே. தொட்டிக்கும் நிலைத்தூணுக்கும் இடையே உள்ள கீழ் பிளாஞ்சைத் தொடும் முன் நினைவில் கொள்ளுங்கள், கிணற்றுக்குள் இறங்கும் குழாய் முழுவதின் எடையும் அந்தத் தொட்டியில்தான் தொங்குகிறது. தலைப்பகுதியைத் தூக்கும்போதும், கைப்பிடியின் சங்கிலியிலிருந்து, குழாய்க்குள் இறங்கும் கம்பியை விடுவிக்கும் முன் அதைக் கம்பி வைஸில் (கம்பியைப் பற்றி நிறுத்தும் கருவி) பிடித்துவிட வேண்டும்; நழுவினால் கிணற்றுக்குள் போய்விடும். கம்பியின் செக் நட்டு (இணைப்பு நழுவாமல் பூட்டும் நட்டு) இறுகியிருந்தால் அங்கே எந்த எண்ணெயும் வேண்டாம். அது குழாயின் வாய்க்கு நேர் மேலே இருக்கிறது. இரண்டு ஸ்பேனர்களை எதிரெதிராகப் போட்டுத்தான் அவிழ்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. கீழிருந்து எண்ணெய் இட்டுத் தட்டியதில் ஒரு நட்டு மறுநாள் கழன்றது. மழுங்கிய நட்டை ஹாக்சாவால் அறுத்து எடுத்தோம். தொட்டியின் வாயை ஈரச் சாக்கால் மூடியிருந்ததால் துகள் எதுவும் உள்ளே விழவில்லை. வாஷரையும் மாற்றிவிட்டோம். கடைசியாக ஓர் ஐயம்: புதிய போல்ட்களைத் துருப்பிடிக்காத ஸ்டீலில் வாங்கலாமா? சங்கிலிக்கு வாங்கிய கிராஃபைட் கிரீஸையே மரையிலும் தடவலாமா?

பதில் 5 (வெல்டிங் பட்டறை நடத்துபவர்)

துருப்பிடிக்காத ஸ்டீல் போல்ட்டும் அதே உலோகத்தின் நட்டும் ஒன்றோடொன்று உராய்ந்து ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. அப்படி ஒட்டியதை எந்த எண்ணெயாலும் கழற்ற முடியாது, அறுக்கத்தான் வேண்டும். சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த போல்ட்களையே வாங்குங்கள். கிராஃபைட் சங்கிலிக்கு ஏற்றது, துத்தநாகப் பூச்சுக்கு ஏற்றதன்று. உப்பு ஈரத்தில் அது பூச்சை விரைவாக அரிக்கும். மரைக்கு நீரில் கரையாத சாதாரண கால்சியம் கிரீஸ் போதும். உள்ளே சென்றுவிடாதபடி, நட்டு ஏறும் நீளத்துக்கு மட்டும் தடவுங்கள். கிரீஸ் இட்ட மரையில் உராய்வு குறைவதால், முன்பு போல முழு பலத்தையும் கொடுத்தால் போல்ட் கூடுதலாக இழுபடும். கை சற்று முன்னதாகவே நிற்கட்டும்.

பதில் 6 (வேதியியல் ஆசிரியர்)

பம்பைப் பூட்டிய பிறகு, பிளீச்சிங் பவுடர் கரைசலால் கிணற்றைத் தூய்மைப்படுத்த ஊராட்சியின் குடிநீர்ப் பணியாளரை அழையுங்கள். ஆழத்தைப் பொறுத்து அளவு மாறும் என்பதால் அதை அவரிடமே விடுவது நல்லது. அது முடிந்து, குளோரின் வாடையும் எண்ணெய்ப் படலமும் இல்லாத தண்ணீர் வரும்வரை அடித்து வெளியேற்றிவிட்டுப் பிள்ளைகளைக் குடிக்க விடுங்கள்.