மாநாட்டுக்குப் போக யாரிடம் கேட்பது, யார் பெயரில் கேட்பது? நம் கரைக்காரர்களின் அனுபவங்கள்

மண்டபம், கடற்புல் ஆய்வு (தொடங்கியவர்):

வருஷம் பிறந்தால் போதும், ஜூனியர்களிடமிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். "அக்கா, ஆய்வுச் சுருக்கத்தை ஏற்றுக்கொண்டதாக மெயில் வந்திருக்கிறது. போய்வரக் காசு எங்கே கேட்பது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. மண்டபம், தொண்டி, பாம்பன், கீழக்கரை என்று நம் ராமநாதபுரம் கரையில் கடலை வைத்து ஆராய்ச்சி செய்கிறவர்கள் பலர். போய்வந்தவர்கள், கடைசி நிமிஷத்தில் நின்றுபோனவர்கள், எல்லோரும் எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

நான் பார்த்தவரை பாதி விண்ணப்பங்கள் பணம் இல்லாததால் நிற்கவில்லை, கேட்க வேண்டியவர் கேட்காததால் நிற்கின்றன. சில உதவியை ஆய்வாளரே தன் பெயரில் கேட்கலாம். சிலதை அவருடைய நிறுவனம் கேட்க வேண்டும். இன்னும் சிலதை மாநாடு நடத்துகிறவர்கள் கேட்டால்தான் உண்டு, நாம் எத்தனை கடிதம் போட்டாலும் நடக்காது. அறிவிப்பைத் திறந்ததும் தொகை எவ்வளவு என்று தேடாமல் யார் விண்ணப்பிக்கலாம் என்ற பத்தியை முதலில் படியுங்கள்.

நம் பெயரிலேயே கேட்கக்கூடியதில் எல்லோருக்கும் தெரிந்தது மத்திய அரசின் அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியமான செர்ப்பின் சர்வதேசப் பயணத் திட்டம். 2023-இல் வந்த சட்டத்தின்படி செர்ப் இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் போய்விட்டது, ஏ.என்.ஆர்.எஃப். என்று தேடுங்கள். குறுகிய வழியில் எக்கனாமி கட்டணம், விமான நிலைய வரி, விசா கட்டணம் ஆகியவைதான் அதில் முக்கியமானவை. சிக்கல் என்னவென்றால் நாம் ஊர் திரும்பிய பிறகுதான் பணம் வரும். டிக்கெட்டை முதலில் நாம் எடுக்க வேண்டும். ஃபெல்லோஷிப்பே நாலைந்து மாதம் சேர்ந்து மொத்தமாக வரும் ஊரில் அந்தக் காசு எங்கே இருக்கும்? எங்கள் வீட்டில் கூட்டுறவு வங்கியில் நகையை வைத்துத்தான் எடுத்தோம். வட்டியை எந்தத் திட்டமும் தராது. உங்கள் கல்லூரியிலோ நிறுவனத்திலோ முன்பணம் கொடுக்கும் வழக்கம் இருக்கிறதா என்று நிதிப் பிரிவில் முதலிலேயே விசாரித்துவிடுங்கள். பல இடங்களில் இருக்கிறது, யாரும் கேட்பதில்லை.

டிக்கெட் விஷயத்தில் இன்னொன்று. அரசுச் செலவில் விமானப் பயணம் என்றால் பாமர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. இந்த மூன்றில்தான் எடுக்க வேண்டும் என்று நிதி அமைச்சக உத்தரவு உண்டு. இது உங்களுக்குப் பொருந்துமா என்று அனுமதிக் கடிதத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மலிவாக இருக்கிறதே என்று ராத்திரியோடு ராத்திரியாக ஏதோ ஒரு ஆப்பில் எடுத்துவிட்டு, கணக்கு முடிக்கும்போது நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். போர்டிங் பாஸ் ஒன்றையும் தொலைக்காதீர்கள், விமானம் மாறிய ஊரில் கொடுத்த துண்டுச்சீட்டு உட்பட. வாங்கிய பணத்தை அதற்கே செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழுக்கு ஜி.எஃப்.ஆர். 12-ஏ என்ற அரசுப் படிவம்.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு ஈடு தரும் மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். வங்கிக் கணக்குப் பட்டியலில்தான் நம்மைப் போன்றவர்கள் மாட்டுகிறோம். ஃபெல்லோஷிப் நிலுவை ஒரே நாளில் பெரிய தொகையாக விழுந்தால், விசாவுக்காக யாரோ போட்டு வைத்த பணம் மாதிரித் தெரியும். இன்ன மாதத்திலிருந்து இன்ன மாதம் வரைக்குமான நிலுவை என்று நிதிப் பிரிவிடம் ஒரு கடிதம் வாங்கி இணைத்துவிட்டேன். ஒரு கேள்வியும் வரவில்லை.

தொண்டி, கடற்பாசி ஆய்வு மாணவி:

மாநாடு நடத்துகிறவர்களிடமே நேரடியாகக் கேட்டது என் அனுபவம். சுருக்கம் அனுப்பும் படிவத்தின் அடியில், நிதியுதவி வேண்டுமா என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டால் கட்டுரையைத் தள்ளிவிடுவார்கள் என்று பயந்து எங்கள் செட்டில் பலர் விட்டுவிட்டார்கள். நான் போட்டேன். கட்டுரை வாய்மொழி உரைக்கே தேர்வானது. பிறகு மாநாட்டுச் செயலாளருக்கு ஒரு சின்ன மெயில் அனுப்பினேன். என்ன பேசப்போகிறேன், விமானச் செலவுக்கு எங்கே விண்ணப்பித்திருக்கிறேன், மீதி எவ்வளவு இடிக்கிறது, அவ்வளவுதான். வீட்டுக் கஷ்டம் எதையும் எழுதவில்லை. மீதி இவ்வளவு என்று தெளிவாகச் சொன்னால் அவர்களுக்கும் முடிவெடுக்க லேசு.

பதிவுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறோம், பதிலுக்கு அரங்கில் உதவியாளராக இருக்க முடியுமா என்று கேட்டார்கள். அதைவிட நல்ல வேலை இல்லை! ஸ்லைடு ஏற்றும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பேச வந்த அத்தனை பேரும் பென் டிரைவை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வர வேண்டும். தேநீர் இடைவேளையில் பெரிய ஆட்களைச் சுற்றிக் கூட்டம் நிற்கும், நாம் ஓரமாக நிற்போம். இங்கே அவர்களே வந்து பெயர் சொல்லி, ஊர் கேட்டு, கப்பாபைகஸ் பாசியை நம் பக்கம் எப்படிக் கட்டுமரம் மாதிரி மூங்கில் சட்டத்தில் வளர்க்கிறார்கள் என்றெல்லாம் விசாரித்தார்கள். இன்று என்னோடு கட்டுரை எழுதுகிறவர் அந்தப் பென் டிரைவ் வரிசையில் வந்தவர்தான்.

கட்டணப் பட்டியலையும் கடைசி வரி வரை பாருங்கள். பல சங்கங்கள் உலக வங்கியின் வருமான வகைப்பாட்டை வைத்து நாட்டுக்கு நாடு கட்டணத்தைக் குறைக்கின்றன. இந்தியா அதில் கீழ்-நடுத்தர வருமான நாடு. கடல் மாடலிங், பருவநிலை என்று கணக்கோடு வேலை செய்கிறவர்கள் இத்தாலியில் ட்ரியஸ்ட்டில் உள்ள ஐ.சி.டி.பி. என்ற சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையத்தின் நிகழ்ச்சிகளைப் பார்க்கலாம். இயற்பியலாளர் அப்துஸ் ஸலாம் 1964-இல் தொடங்கியது. பெரும்பாலும் பதிவுக் கட்டணமே கிடையாது, வளரும் நாட்டவருக்குப் பயண உதவியும் ஓரளவு உண்டு.

கீழக்கரை, கல்லூரி ஆசிரியர்:

போலி மாநாடுகள் பற்றிச் சுருக்கமாக ஒரு எச்சரிக்கை. கட்டுரை வெளியான ஒரு வாரத்துக்குள் 'தலைமை உரை நிகழ்த்த வாருங்கள்' என்று உங்களைத் தேடி அழைப்பு வந்தால் கையை நெஞ்சில் வைத்து யோசியுங்கள். எனக்கு வந்தது மீன் நோய் பற்றிய மாநாடு. அதே நாள், அதே ஹோட்டல், பல் மருத்துவமும் நானோ தொழில்நுட்பமும் பக்கத்து அறையில். குழுப் பட்டியலில் இருந்த ஒரு பேராசிரியருக்கு நேரடியாக எழுதிக் கேட்டேன். தன் பெயர் அதில் இருப்பதே தெரியாது என்றார். அத்தோடு சரி.

இப்படிப்பட்டவர்கள் மேல் வழக்கும் நடந்திருக்கிறது. ஹைதராபாத்தை மையமாகக் கொண்ட ஒரு பதிப்பு, மாநாட்டு நிறுவனத்தின் மேல் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 2016-இல் வழக்குப் போட்டு, 2019-இல் 5 கோடி டாலருக்கும் மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பானது. எனக்கு வந்த அழைப்பு அவர்களுடையது அல்ல, ஆனால் வித்தை ஒன்றுதான்.

மண்டபம் முகாம், ஓய்வு பெற்றவர்:

எல்லோரும் போவதைப் பற்றியே எழுதுகிறீர்கள். வரவழைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசலாமே.

உலகப் பவளப்பாறை ஆய்வாளர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் சர்வதேச மாநாட்டு வரிசையில் முதலாவது எங்கே நடந்தது தெரியுமா? இந்த மண்டபம் முகாமில், 1969 ஜனவரியில். இந்தியக் கடல் உயிரியல் சங்கம் நடத்தியது. இரண்டாவது 1973-இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில், கப்பலிலேயே நடந்தது. அப்புறம் 1977-இல் மியாமி, 1981-இல் மணிலா. அப்போது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் இங்கேதான், 1971-இல்தான் கொச்சிக்குப் போனது. நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய கதை. ஆனாலும் 1972-இல் வந்த அந்த மாநாட்டுத் தொகுப்பை நூலகத்தில் எடுத்துப் புரட்டாத ஆள் எங்கள் காலத்தில் கிடையாது. இத்தனைக்கும் மாநாடு நடந்த காலத்தில் பாம்பன் தூக்குப் பாலம் வழியாக ரயிலில் வந்தால்தான் ராமேஸ்வரம் தீவையே பார்க்க முடியும், சாலைப் பாலம் அப்போது வந்திருக்கவில்லை.

ஸ்கார் (SCOR) என்கிற கடல் ஆராய்ச்சிக்கான சர்வதேச அறிவியல் குழுவைத் தெரிந்துகொள்ளுங்கள். 1957-இல் அமைந்தது, அறுபதுகளின் சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்துக்கு வித்திட்டது அதுதான். வளரும் நாட்டு ஆய்வாளர்கள் கூட்டங்களுக்கு வர இன்றும் பயண உதவி தருகிறது. ஆனால் மாநாட்டு அமைப்பாளர்கள்தான் அதைக் கேட்டு வாங்க வேண்டும். எனவே நீங்கள் போகப்போகும் மாநாட்டின் செயலாளரிடம் 'ஸ்காரிடம் கேட்டிருக்கிறீர்களா?' என்று ஆறேழு மாதம் முன்பே எழுதிவிடுங்கள். பல பேருக்கு அது ஞாபகமே இருக்காது, நீங்கள் கேட்டதால் அவர்கள் கேட்பார்கள்.

போகோ (POGO) என்ற உலகக் கடல் கண்காணிப்புக் கூட்டமைப்பும் ஸ்காரும் சேர்ந்து தரும் போகோ-ஸ்கார் வருகை ஃபெல்லோஷிப் வேறு. அதற்கு நாமே விண்ணப்பிக்கலாம், ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதம் வரை வேறொரு கடலாய்வு நிறுவனத்தில் தங்கிப் பழகலாம். என்னைக் கேட்டால் மூன்று நாள் மாநாட்டில் பத்து நிமிஷம் பேசுவதைவிட இதற்குத்தான் முதலில் முயற்சி செய்யச் சொல்வேன். விசிட்டிங் கார்டு மாற்றிக்கொண்டவர் மறந்துவிடுவார், ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரு மாதம் கடல் மாதிரிகளை எண்ணியவர் மறக்க மாட்டார்.

வெளிநாட்டு ஆசிரியரை இங்கே கொண்டுவந்து வகுப்பெடுக்க வைக்க ஞான் என்று 2015-லிருந்தும், கூட்டாய்வுக்கு ஸ்பார்க் என்று 2018-லிருந்தும் மத்தியக் கல்வித் துறையின் திட்டங்கள் வந்தன. இவை நிறுவனத்தின் வழியாகப் போக வேண்டியவை. சிறிய கருத்தரங்கு என்றால் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் உதவும். வருகிறவருக்குச் சுற்றுலா விசா போதாது, மாநாட்டு விசா வேண்டும். அதற்கான அனுமதிக் கடிதங்களை அமைப்பாளர்தான் வாங்க வேண்டும், நாள் எடுக்கும்.

பாம்பன், கடற்பாசி எடுக்கும் பெண்களோடு வேலை செய்கிறவர்:

ஆய்வாளர்கள் மட்டும்தான் போகிறார்களா? 2015-இல் கடற்பாசி எடுக்கும் சின்னப்பாலம் லட்சுமி அம்மாவுக்கு அமெரிக்காவின் சீகாலஜி சுற்றுச்சூழல் விருது கிடைத்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்கப்புறம் எங்கள் பெண்களுக்கும் அவ்வப்போது அழைப்பு வருகிறது. அழைப்பில் எப்போதும் ஒரு டிக்கெட்தான். அழைக்கப்பட்ட பெண் தமிழில்தான் பேசுவார், அங்கே போய் யாரிடம் பேசுவது? மொழிபெயர்ப்பாளருக்கும் சேர்த்துப் பட்ஜெட் போடாவிட்டால் வர முடியாது என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிடுவேன். ஆரம்பத்தில் இழுப்பார்கள், பிறகு தருவார்கள்.

இன்னொன்று கூலி. மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது என்று பெண்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு இருக்கிறது. மாநாடு அந்த நாட்களில் விழுந்தால் அந்த மாத வருமானமே போச்சு. பேராசிரியருக்குச் சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும், இவருக்கு ஓடாது. தினப்படியில் இதையும் கேளுங்கள், வெட்கப்பட வேண்டியதில்லை.

பணத்தை எங்கள் சங்கக் கணக்குக்கு அனுப்புகிறோம் என்பார்கள். எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் வெளிநாட்டுப் பணத்தை வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வர வேண்டும். அதனால் நான் பணமே கேட்பதில்லை. டிக்கெட்டையும் அறையையும் நீங்களே எடுத்து அனுப்புங்கள் என்று சொல்லிவிடுவேன். சம்பந்தப்பட்டவர் அரசு ஊழியராக இருந்தால் வெளிநாட்டு விருந்தோம்பலுக்கு மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும், அதை மறக்காதீர்கள்.

ரஃபர்ட் அறக்கட்டளையை யாராவது சொல்வீர்கள் என்று பார்த்தேன். களப்பணிக்கு நல்ல இடம். மாநாட்டுச் செலவுக்குத் தர மாட்டார்கள், அங்கே போய் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

தேவிபட்டினம், முதுகலை மாணவன்:

அண்ணன், அக்கா எல்லோருக்கும் வணக்கம். ஐரோப்பாவில் காஸ்ட் என்ற அமைப்பு ஆய்வாளர்கள் ஒருவரையொருவர் சந்திக்கவே பணம் தருகிறது என்று படித்தேன். நான் விண்ணப்பிக்கலாமா?

மண்டபம், கடற்புல் ஆய்வு:

தம்பி, நல்ல கேள்வி. காஸ்ட் 1971-லிருந்து இருக்கிறது. சோதனைக்கூடத்துக்கோ சம்பளத்துக்கோ தராது. கூட்டங்கள், குறுகிய ஆய்வு வருகை, பயிற்சிப் பள்ளி போன்றவற்றுக்குத்தான் தரும். அது ஆதரிக்கும் ஒவ்வொரு ஆய்வாளர் நெட்வொர்க்கும் நாலு வருஷம் ஓடும். இந்தியா அதில் உறுப்பு நாடு அல்ல, ஆகவே புதிதாக ஒன்றைத் தொடங்க உன் பெயரில் போட முடியாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதில் உன் தலைப்புக்கு நெருக்கமான பணிக்குழு எது என்று பார்த்து, அதன் தலைவருக்கு எழுது. உள்ளே சேர்த்துக்கொள்வது அவர்கள் கையில். பயணச் செலவு கிடைக்குமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்.

அங்கே பழக்கமானதும், 'கொஞ்சம் உயிரின மாதிரிகள் அனுப்ப முடியுமா?' என்று கட்டாயம் கேட்பார்கள். சரி என்று சொல்லிவிடாதே. மன்னார் வளைகுடாப் பவளமும் கடல் அட்டையும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. மற்ற உயிரினம் என்றாலும் 2002 பல்லுயிர்ச் சட்டப்படி சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் இல்லாமல் வெளிநாட்டுக்காரருக்குக் கொடுக்க முடியாது. தரவைப் பகிர்ந்து சேர்ந்து எழுதலாம், அல்லது அவர்களை இங்கே வரச் சொல்லலாம் என்று பதில் போடு.

பாஸ்போர்ட் எடுத்துவிட்டாயா? இல்லையென்றால் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு இந்த வாரமே அதற்கு விண்ணப்பி. பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்.