900 கலோரிதான் சாப்பிடுறேன், 24 நாளா தராசு அசையல. சாப்பாட்டைக் கூட்டணுமா?

மல்லிச்சரம்:
வணக்கம். வயசு 34, உயரம் 158 செ.மீ. 76 கிலோவில் ஆரம்பிச்சேன். முதல் மூணு வாரத்தில் 3.5 கிலோ இறங்கி 72.5 ஆச்சு. அதுக்கப்புறம் 24 நாளா 72.3க்கும் 72.9க்கும் நடுவிலேயே ஆடுது. தினம் 900 கலோரி. காலையில் 2 இட்லி, தேங்காய் சட்னி; மதியம் ஒரு கப் சாதம், சாம்பார், பொரியல்; ராத்திரி 2 சப்பாத்தி, கூட்டு; ரெண்டு வேளை காபி. ஞாயிறு மட்டும் எழுதுறதில்ல. நாற்காலி வேலை, வாரம் நாலு நாள் 40 நிமிஷம் நடை. ஜிம்மில் "ரொம்பக் கம்மியா சாப்பிட்டா உடம்பு ஸ்டார்வேஷன் மோடுக்குப் போயிடும், கொழுப்பை விடாது, 1500 ஆக்குங்க"ன்னு சொல்றாங்க. நிஜமா?

தராசுமுள்:
முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 10 × எடை + 6.25 × உயரம் − 5 × வயது − 161. பெண்களுக்கு ஓய்வுச் செலவை (சும்மா இருக்கும்போதே உடல் எரிக்கும் கலோரியை) மதிப்பிட மிஃப்ளின் சூத்திரம் இதுதான். 72.5 கிலோவுக்கு 1380 வருகிறது. நாற்காலி வேலைக்கு 1.3 ஆல் பெருக்கினால் நாளொன்றுக்குச் சுமார் 1800.

உணவைக் குறைத்தால் உடல் செலவைச் சுருக்கும் என்பது உண்மை. எடை குறைந்தவர்களை ஆய்வுக்கூடத்தில் அளந்தபோது, உடல் சிறுத்ததால் வரும் குறைவுக்கும் மேலாக 10 முதல் 15 சதவீதம் வரை செலவு இறங்கியிருக்கிறது. உங்களுக்கு முழு 15 சதவீதமும் இறங்கியது என்றே வைத்துக்கொள்வோம். 1800 போய் 1530. சாப்பிடுவது உண்மையிலேயே 900 என்றால் தினம் 630 பற்றாக்குறை. ஒரு கிலோ உடல் கொழுப்புக்கு ஏறக்குறைய 7700 கலோரி. 24 நாளில் கிட்டத்தட்ட 2 கிலோ போயிருக்க வேண்டும்.

ஆக இரண்டில் ஒன்று: கொழுப்பு போயும் தண்ணீர் அதை மறைக்கிறது, அல்லது 900 என்பது 900 இல்லை. பெரும்பாலும் இரண்டும் பாதிப் பாதி.

முதல் 3.5 கிலோவை அளவுகோலாக வைக்காதீர்கள். கிளைகோஜன் (ஈரலிலும் தசையிலும் சேமித்து வைத்த மாவுச்சத்து) ஒரு கிராம் கரைந்தால் கூடவே 3 கிராம் தண்ணீரும் போகும். சாப்பாடு குறைந்தால் உப்பும் குடலில் இருக்கும் சுமையும் குறையும். அந்த எடையில் பாதிக்கு மேல் கொழுப்பாக இருக்க வாய்ப்பில்லை.

இரும்புத்தட்டு:
கணக்கு சரிதான், மறுக்கல. ஆனா 900லேர்ந்து 1500க்கு ஏத்தினதும் ஒரே வாரத்துல ஒன்றரைக் கிலோ இறங்குறவங்களை ஜிம்முக்கு ஜிம் பாக்கலாம். அதுக்கு என்ன பதில்?

தராசுமுள்:
நல்ல கேள்வி. சாப்பாட்டைக் கூட்டி ஒரே வாரத்தில் ஒன்றரைக் கிலோ போனால் அது கொழுப்பாக இருக்க முடியாது, கணக்கு உதைக்கும். கடும் பட்டினியில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறி உடல் தண்ணீரைத் தேக்குகிறது. சாப்பாடு கூடியதும் தேங்கிய தண்ணீர் வடிகிறது. முன்பே போன கொழுப்பு அப்போதுதான் தராசில் தெரிகிறது.

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 1944–45இல் நடத்திய பட்டினிச் சோதனையில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. 36 ஆண்கள், 24 வாரம், தினம் சுமார் 1570 கலோரி, அதோடு கட்டாய நடை. கணுக்காலில் நீர் கோத்தது, ஓய்வுச் செலவு 40 சதவீதம் அளவுக்கு இறங்கியது (அதில் பெரும்பங்கு உடலே சிறுத்ததால்). இருந்தும் எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு போனது. உடல் கொழுப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றால் அங்கேயல்லவா முதலில் பிடித்திருக்க வேண்டும்? பிரிட்டனில் நடந்த டைரெக்ட் ஆய்வில் சர்க்கரை நோயாளிகளுக்கு 3 முதல் 5 மாதம் தினம் 825–853 கலோரி மட்டுமே கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் சராசரியாக 10 கிலோ குறைந்திருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. 900இல் இருப்பவர் தெரியாமலே அசைவைக் குறைத்துவிடுகிறார். மாடிப்படிக்குப் பதில் லிஃப்ட், நின்று செய்த வேலை உட்கார்ந்து. வார இறுதியில் பசி வெடித்து எழுதாத சாப்பாடு உள்ளே போகிறது. 1500 ஆனதும் இரண்டும் அடங்குகின்றன.

அடுப்படிக்கணக்கு:
சகோதரி, உங்க பட்டியல்ல மூணு இடம் இடிக்குது: எண்ணெய், சாதம், காபி. கிச்சன் தராசு இருந்தா நாளைக்கு ஒரு நாள் இதைச் செய்யுங்க. சமைக்கறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எண்ணெய் பாட்டிலை எடை போடுங்க, வித்தியாசத்தை 9ஆல் பெருக்குங்க (ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி), எத்தனை பேர் சாப்பிடறீங்களோ அத்தனையால் வகுங்க. சாதத்தைத் தட்டில் போட்டபடியே எடை போடுங்க. வெந்த சாதம் 100 கிராமுக்கு 130 கலோரி. காபிக்குப் பால் எத்தனை மில்லி, எந்தப் பாக்கெட், சர்க்கரை எத்தனை ஸ்பூன்னு எழுதுங்க. ஆப்ல "காபி, ஒரு கப்"னு இருக்கிறதை நம்பாதீங்க, பல நேரம் அது பால் குறைச்சலா விட்ட காபியோட கணக்கு.

இது உங்களைக் குறை சொல்ல இல்ல. 1992ல் நியூயார்க்கில் "1200க்குக் கீழதான் சாப்பிடறோம், எடை குறையல"ன்னு சொன்னவங்களோட உண்மையான செலவை அளந்து பாத்தாங்க. சாப்பாட்டை 47 சதவீதம் குறைச்சும், உடல் உழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தாங்க. மெட்டபாலிசம் சரியாத்தான் இருந்துச்சு.

மல்லிச்சரம்:
செஞ்சு பார்த்தேன். தாளிக்கற குழிக்கரண்டியில் ஒரு தடவைக்கு 22 கிராம் எண்ணெய். சாம்பாருக்கு ஒண்ணு, பொரியலுக்கு ஒண்ணு, மூணு பேர் சாப்பிடறோம். நான் "1 டீஸ்பூன், 40 கலோரி"ன்னு எழுதிட்டிருந்தேன். சாதம் 150 கிராம்னு நினைச்சது 240. காபிக்கு ஆரஞ்சு பாக்கெட் பால் 150 மில்லி, சர்க்கரை 2 ஸ்பூன், ரெண்டு தடவை. ஆப்ல ஒரு கப்புக்கு 50 போட்டிருந்தேன். ஞாயித்துக்கிழமை மதியம் பிரியாணி, சாயங்காலம் ஏதாவது பலகாரம்.

அடுப்படிக்கணக்கு:
எண்ணெய் உங்க பங்கு 15 கிராம், 130 கலோரி. எழுதினதை விட 90 கூட. சாதத்தில் 117. ஆரஞ்சு பால்ல கொழுப்பு 6 சதவீதம், 150 மில்லிக்கு ஏறக்குறைய 130, சர்க்கரை 40, ஆக ஒரு காபி 170. ரெண்டுக்கு எழுதாம விட்டது 240. மொத்தம் ஏறக்குறைய 450, அதாவது சாதாரண நாளே 1350. ஞாயிறை 2500னு வெச்சா வாரச் சராசரி 1500 தாண்டுது. ஜிம்மில் சொன்ன 1500ஐ நீங்க ஏற்கெனவே சாப்பிட்டுட்டு இருக்கீங்க! சட்னித் தேங்காயை நான் இன்னும் தொடவே இல்ல. 30 கிராம் தேங்காய்னா 100 கலோரிக்கு மேல.

இரும்புத்தட்டு:
சரி, ஒத்துக்கிறேன். அப்போ இவங்க 900ஐ நிஜமாவே பிடிக்கணுமா?

வெள்ளைக்கோட்டு:
கூடாது. கொழுப்பு நிற்காது என்பதற்காக 900 நல்லது என்று ஆகிவிடாது. புரதம் பற்றாமல் தசை கரையும். வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வேகமாகக் குறைந்தால் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு கூடும். கடும் டயட் தொடங்கி இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாக உதிரும், அப்போது யாரும் காரணத்தை டயட்டோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. 800க்குக் கீழே மருத்துவர் கண்காணிப்பில் மட்டும்தான். சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருந்தளவை மாற்றாமல் உணவை வெட்டினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

உங்களுக்கு உண்மையாக அளந்த 1300–1350, ஏழு நாளும். புரதம் கிலோவுக்கு 1.2 கிராம் கணக்கில் 85 கிராம் வேண்டும். இப்போதைய பட்டியலில் அதில் பாதிகூட இருக்காது. 2 முட்டை 12 கிராம், துவரம்பருப்பு 50 கிராம் 11, கொண்டைக்கடலைச் சுண்டல் (உலர்ந்த எடை 50 கிராம்) 10, சோயா உருண்டை 30 கிராம் 15, தயிர் 200 கிராம் 6. தானியத்திலிருந்து ஒரு 15–20, இரண்டு காபிப் பாலிலிருந்து ஒரு 10. மீன் உள்ள நாளில் 150 கிராமுக்கு 30 வந்துவிடும், அன்று சோயா வேண்டாம். நடையோடு வாரம் இரண்டு நாள் எடை தூக்குங்கள்.

எடை பார்ப்பது காலையில், கழிப்பறை போய் வந்து, காபிக்கு முன். ஏழு நாள் சராசரியை மட்டும் எழுதுங்கள். மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் ஒன்றிரண்டு கிலோ தண்ணீர் சாதாரணம். ஆகவே இந்தச் சுழற்சியின் இரண்டாம் வாரத்தைப் போன சுழற்சியின் இரண்டாம் வாரத்தோடு ஒப்பிடுங்கள். அப்படியும் நான்கு வாரம் சராசரி அசையவில்லை என்றால் 100–150 கலோரி குறைக்கலாம். மாதவிலக்கு தள்ளிப்போனாலோ தலைசுற்றினாலோ உடனே கூட்டுங்கள். களைப்பும் குளிர் தாங்காமையும் இருந்தால் டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) ஒரு முறை பாருங்கள். ஆனால் தைராய்டு குறைவால் ஏறுவது பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் நிறைய உப்பும் தண்ணீரும்.

மல்லிச்சரம்:
நன்றிங்க. பாலை நீலப் பாக்கெட்டுக்கு மாத்திட்டேன், சர்க்கரை ஒரு ஸ்பூன். பிரியாணியை விடணுமா?

அடுப்படிக்கணக்கு:
வேண்டாம், எடை போட்டுச் சாப்பிடுங்க. உப்பும் சோறும் சேர்ந்து திங்கக்கிழமை தராசு ஒரு கிலோ ஏறிக் காட்டும். அதைப் பாத்துட்டுச் செவ்வாய்க்கிழமை பட்டினி கிடக்காதீங்க, வியாழன் வெள்ளிக்குள்ள தானா வடிஞ்சிரும்.